உட்புறம் பார்வையிடப்படவில்லை

வூப்பர் ஆறு இரண்டாய்ப் பிரியும் இடத்துச்
சின்னத் தீவில் நீதிமன்றம்.
யன்னலுக்கு வெளியே தொங்கு ரயில்
வௌவாலைப் போலக் கடக்கிறது.
உள்ளே ஒரு வீட்டை
வரிவரியாய் வாசிக்கிறார்கள்.

பிரில்லர் குடியிருப்பு. கட்டிய ஆண்டு 1894.
பாதுகாக்கப்பட்ட முகப்பு;
வாசற்கதவின் பச்சையைக்கூட
நகராட்சியைக் கேட்காமல் மாற்ற முடியாது.
மதிப்பு மூன்று இலட்சத்து எண்பதாயிரம்.
முதல் தவணையில் ஏலம் போகவில்லை.
அறிக்கையின் நான்காம் பக்கத்தில்:
"உரிமையாளர் கதவு திறக்கவில்லை.
உட்புறம் பார்வையிடப்படவில்லை."

நான் பார்த்திருக்கிறேன்.
ஆறு வருடம், செவ்வாய்க்கிழமைகளில்,
மணிக்குப் பன்னிரண்டு யூரோ.

படிகள் இருபத்தொன்று, ஒன்பதாவது முனகும்.
குளியலறைத் தரையில் அல்லிப்பூ ஓடுகள்;
மூன்று மட்டும் பிறகு பதித்தவை,
முழங்காலில் நின்று துடைப்பவளுக்குத்தான் தெரியும்.
மேல்மாடி அலுமாரி
சுவரைவிட்டு அரை அடி தள்ளி நிற்கும்,
பின்னால் சுவர் வியர்ப்பதால்.
கூரை ஒழுகுவது வடமேற்கு மூலையில்.
அங்கே வாளி வைத்ததே நான்.

முன் வரிசையில் சாம்பல் கோட்டுக்காரர்,
கட்டட வியாபாரி.
அதே தெருவில் இரண்டு வீடு எடுத்து
ஆறு ஆறாய் அறுத்து வாடகைக்கு விட்டவராம்.
அவருக்குப் பின்னால் ஓர் இளஞ்சோடி;
அவளுக்கு ஏழாம் மாதம் இருக்கும்.
தெருவில் நின்று எடுத்த படத்தைக்
கைபேசியில் பெரிசாக்கிப் பெரிசாக்கி
திரைச்சீலைக்குள் புகப் பார்க்கிறார்கள்.

என்னிடம் வங்கிக் காசோலை,
முப்பத்தெட்டாயிரத்துக்கு:
என் சீட்டு, தம்பியின் சீட்டு,
இவர் பஸ் ஓட்டிய இரவுகள்.
மூழ்கிப்போன வீட்டை எடுக்க
மச்சாளின் கொடி அடைவில் கிடக்கிறது.

ஏல நேரம் அரை மணி.
அதற்குக் குறையச் சட்டம் விடாது.
முதல் பத்து நிமிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
இருமினால்கூட விலை சொன்னதாகிவிடுமோ என்று
தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வரிசையில் இருந்து எழும்பி
ஓவர்பெக் என் பக்கத்துக் கதிரைக்கு வந்தார்.
சவரம் செய்திருந்தார்.
சட்டைப் பொத்தான் ஒன்று இடம் மாறியிருந்தது.
"வணக்கம், ஃபிராவ் தேவமலர்.
இரண்டு பத்துக்கு மேல் போகாதீர்கள்.
கூரை தெரியும்தானே."

ஏலம் ஏற ஏற அவர் கடன் இறங்கும்.
அது அவருக்கும் தெரியும், எனக்கும்.
முகத்தைப் பார்க்க முடியாமல்
சப்பாத்தைப் பார்த்தேன்.
துடைத்திருந்தார்.

நூற்றைம்பதில் தொடங்கிய சோடி
நூற்றுத்தொண்ணூறில் கைபேசியை அணைத்தது.
சாம்பல் கோட்டு இரண்டு ஐந்து.
நான் இரண்டு பத்து.
சாம்பல் கோட்டு இரண்டு பன்னிரண்டு.
இவர் என் முழங்கையைத் தொட்டார்.

"இரண்டு பதினாலு."

பக்கத்துக் கதிரையில் ஒரு மூச்சு வெளியேறியது.
கோபமா வேறேதுமா,
இன்னும் என்னால் பிரிக்க முடியவில்லை.
வியாபாரி பென்சிலைக் கீழே வைத்தார்.
அதிகாரி மூன்று தரம் கேட்டார்.
மூன்று தரமும் யன்னலில் ரயில் இல்லை.

அந்த நிமிடத்திலிருந்து வீடு என்னுடையது.
கட்டில் அவருடையது,
கட்டில் நிற்கும் தரை என்னுடையது.

நடைபாதையில் கோட்டைப் போட்டபடி சொன்னார்:
"பூட்டை மாற்ற விடமாட்டார்கள். அதுவும் பழசு.
திறப்பு உங்களிடம் இருக்கிறதுதானே?"

இருந்தது.
சம்பளம் நின்ற மாதம்
அவர் கேட்க மறந்தது, நான் கொடுக்க மறந்தது.
மூன்று வருடமாகக் கைப்பையின் உள் அறையில்,
எங்கள் வாடகை வீட்டுத் திறப்போடு உரசிக்கொண்டு;
மதிப்பீட்டாளர் வாசலில் நின்று
மணியை அடித்து அடித்துத் திரும்பிய நாளிலும்.

"இருக்கு" என்றேன்.
"ஆனால் மே முடியும்வரை
நான் மணி அடித்துத்தான் வருவேன்."

ரயிலுக்கு நடக்கையில் மழை பிடித்தது,
வடமேற்கில் இருந்து.
இவர் வங்கித் தவணையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.
எனக்கு வாளி நினைவு.
விளிம்புவரை நிறைந்தால்
ஒரு பக்கம் சாய்த்துத்தான் தூக்க வேண்டும்,
கைபிடி அந்தப் பக்கம் கழன்றது.
அதை அவரிடம் சொல்லவில்லை.